விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு மீடியா சென்டர் காணாமல் போனால்

டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் விண்டோஸில் இருந்த மென்பொருள்தான் மீடியா சென்டர். மறுபடி நிறுவினால் வேலை செய்யும், ஆனால் இன்னொரு பெரிய அப்டேட் வந்தால் திரும்பவும் போய்விடும். விண்டோஸ் 10 வெளியான 2015-லேயே மைக்ரோசாஃப்ட் மீடியா சென்டரைக் கைவிட்டுவிட்டது. நீங்கள் போட்டிருப்பது வெளியாட்கள் உருவாக்கிய தொகுப்பு. பெரிய அப்டேட்டில் சிஸ்டம் கோப்புகள் புதிதாக நிறுவப்படும்போது இது அடிபட்டுப் போகிறது. உங்கள் நிறுவலில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

உறுதிசெய்துகொள்ள, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறங்கள். மீடியா சென்டர் மறைந்த நாளில் ‘ஃபீச்சர் அப்டேட்’ (பெரிய அப்டேட்டின் பெயர்) பதிவாகியிருந்தால் காரணம் அதுவேதான்.

மறுபடி நிறுவுவதாக இருந்தால், முதலில் பழைய தொகுப்பின் மிச்சத்தை நீக்குங்கள். நிறுவுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கும்படி புதிய தொகுப்பு சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். அட்மின் உரிமையோடு ஓடும் கோப்பு அது, யார் மாற்றியமைத்தது என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்று: மீடியா சென்டரின் டிவி நிகழ்ச்சி அட்டவணைச் சேவை 2020-இல் நின்றுவிட்டது. யூஎஸ்பி ட்யூனரில் (கணினியில் செருகி டிவி சிக்னல் பெறும் கருவி) டிவி பதிவு செய்வதுதான் தேவை என்றால் நெக்ஸ்ட்பிவிஆர் (NextPVR) என்ற மென்பொருள் பொருந்தும். சேமித்த படங்களை மற்ற அறைகளில் பார்க்க மட்டும் என்றால் ஜெல்லிஃபின் (Jellyfin) என்ற மென்பொருள் போதும். அதை நிறுவிய கணினியின் பிரவுசரில் அதன் முகவரியான லோக்கல்ஹோஸ்ட்:8096 (localhost:8096) திறக்கிறது, ஆனால் மற்ற கருவிகளில் ஜெல்லிஃபின் திறக்கவில்லை என்றால், வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள்.