ஒருவரின் நடத்தையை வைத்து அவருடைய மதத்தையே எடைபோடுகிறார்களா?

போடுகிறார்கள். எங்கள் கடைத் தராசை வைத்தே சொல்கிறேன்.

மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் இடையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அத்தாவுக்கு மளிகைக்கடை. 1994, நோன்பு மாதம், தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு 17 வயது.

அப்போதெல்லாம் தொங்கு தராசுதான். இரண்டு தட்டும் சமமாக நிற்க, கனம் குறைந்த தட்டின் அடியில் புளியைக் கொஞ்சம் உருட்டி ஒட்டிவைப்போம். முந்தின நாள் சரக்குத் தட்டுக்குப் புதுச் சங்கிலி போட்டிருந்தோம். அது கனமான சங்கிலி, அதனால் அந்தத் தட்டின் அடியில் இருந்த புளியை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அத்தாவிடம் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து இங்கே மறைக்க என்ன இருக்கிறது, புளி இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

அறுப்புக்குப் போகும் அக்கா ஒருவர் ஒரு கிலோ சீனி வாங்கிப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். எதிர்க்கடையில் நிறுத்துப் பார்த்திருக்கிறார், 30 கிராம் குறைவு. பொட்டலத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். நிறுத்துக் கொடுத்த என்னை அவர் பார்க்கவே இல்லை. அத்தாவைப் பார்த்து, "நோன்பு வச்சிக்கிட்டே இப்படிப் பண்றீங்களே பாய்?" என்றார்.

அத்தா பதில் பேசவில்லை. தட்டைக் கவிழ்த்து, புளியை நகத்தால் சுரண்டி எடுத்தார். அக்காவுக்கு மறுபடி நிறுத்து, மேலே இரண்டு கை சீனி அள்ளிப் போட்டார். அப்புறம் காலையிலிருந்து யார் யார் என்ன வாங்கினார்கள் என்று யோசித்து யோசித்து ஒரு அட்டையில் எழுதினார். 11 வீடு. சின்னச் சின்னப் பொட்டலங்கள் கட்டி என் கையில் கொடுத்து சைக்கிளில் அனுப்பினார். நோன்பு வயிற்றோடு மாசி வெயிலில் வீடு வீடாகப் போய், "நிறை குறைஞ்சு போச்சு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அத்தனை வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: "பாய் நல்ல மனுசன்பா."

கவனியுங்கள். குறைந்த 30 கிராம் நோன்பின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. திருப்பிக் கொடுத்தது அத்தாவின் சொந்தக் கணக்கில் வரவானது.

இந்தக் கணக்குமுறை நம் பக்கத்தில் ரொம்பப் பழசு. 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கி கிறிஸ்தவ வேதம் சொல்ல ஆரம்பித்தபோது, ஊர் மக்கள் அவரிடம் காட்டியது கோட்டையில் குடித்துவிட்டுத் திரிந்த வெள்ளைக்காரர்களைத்தான். "இவர்களும் உங்கள் மதம்தானே" என்பதற்கு அவரால் என்ன சொல்ல முடியும்? பின்னால் தஞ்சாவூருக்கு வந்த இன்னொரு பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் கதை இதற்கு மறுபக்கம். ஹைதர் அலியோடு நடந்த போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பசி. வெளியே நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. முன்னால் வாங்கியதற்கே கூலி வராததால் குடியானவர்கள் யாரையும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக்கொடுத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் உள்ளே வந்தது. அதே ஹைதரிடம் தூது அனுப்ப ஆங்கிலேயக் கும்பெனி ஆள் தேடியபோது, ஹைதரும் இந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், இவர் ஏமாற்ற மாட்டார் என்று கேட்டதாகச் சொல்வார்கள். சரி, அதனால் கும்பெனிக்காரர்களை ஹைதர் நம்பிவிட்டாரா? இல்லை. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். சுவார்ட்ஸை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தார். தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை சரபோஜி மன்னர் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைச் செய்வித்தவரும் சரபோஜிதான். அத்தனை அன்பு இருந்தும் கடைசிவரை அவர் மதம் மாறவில்லை. போனால் பாருங்கள்.

"நாம் ஒழுங்காக நடந்தால் நம் மார்க்கத்துக்குப் பெயர்" என்று பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை பயானில், அதாவது பிரசங்கத்தில், கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெயர் கெடுப்பதற்கு ஒரு புளி உருண்டை போதும். நல்ல பெயரோ அத்தாவைத் தாண்டி நகரவே இல்லை.

இதை அநியாயம் என்று பல வருடம் புலம்பியிருக்கிறேன். அப்புறம் என் முறை வந்தது. நெற்றி நிறைய விபூதியோடு கடைக்கு வரும் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு என்று 40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி என் நண்பனிடம் கொட்டித் தீர்த்தேன். "பட்டை போட்டவனை நம்பவே கூடாதுடா" என்றும் சொல்லிவிட்டேன். அவன் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், அன்றும் நெற்றியில் பட்டை இருந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான்?" என்றான்.

"உன்னைச் சொல்லலடா, நீ வேற" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சுருக்கென்றது. "உங்களைச் சொல்லல பாய், நீங்க வேற" என்று நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

இப்போது கடையில் எலெக்ட்ரானிக் தராசு. அந்த அக்காவுக்கு வயதாகிவிட்டது, பேத்தியோடு வருவார். எங்கள் கடையைத் தவிர வேறு எங்கும் வாங்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து தட்டுக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பார். நானும் தட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் நிறுப்பேன்.