நான்கே மாதத்தில் பழைய கோலம்: பட்டறையில் 5எஸ் நிலைக்க என்ன வழி?

கேள்வி: கோவை கணபதி பகுதியில் பம்ப் ஷாஃப்ட், புஷ் கடையும் பட்டறை நடத்துகிறேன். கணினி வழி ஓடும் நான்கு சிஎன்சி லேத், அதே வகை மில்லிங் மெஷினான விஎம்சி இரண்டு, மூன்று சாதாரண லேத் இருக்கின்றன. இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து 18 பேர். பாதிப் பேர் ஒடிசா, பீகார்காரர்கள். எங்களிடம் வாங்கும் நிறுவனம், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறையைக் கேட்டதால், போன வருடம் இரண்டு நாள் வேலையை நிறுத்திக் கழுவி, தரையில் மஞ்சள் கோடு போட்டு, சுவரில் சார்ட் மாட்டினோம். நான்கு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அடுத்த ஆடிட் ஆறு மாதத்தில். சுத்தம் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளைப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். சுத்தம் பார்க்கத் தனி ஆள் வந்துவிட்டால், குப்பை போடுவது ஒருவர் வேலை, அள்ளுவது இன்னொருவர் வேலை என்று பட்டறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஸ்கிராப் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோக ஒரு ஹெல்ப்பர் இருக்கட்டும். மெஷினும் அதைச் சுற்றியுள்ள இடமும் அதை ஓட்டுபவரின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளில் நீங்கள் செய்ததை நம் பட்டறைகள் எல்லாமே ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் செய்கின்றன. அன்று யாரும் ஏவாமலே ஸ்பானர் முதல், கடையும் பொருளைப் பிடிக்கும் சக் வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். ஒடிசா, பீகார்க்காரர்களுக்குச் செப்டம்பரில் வரும் விஸ்வகர்மா பூஜையும் அப்படிப்பட்ட நாள்தான். ஆகவே ஆட்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அன்றைக்கு உற்பத்தி இலக்கு இல்லை. சுத்தம் செய்வதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற நாட்களில் கடைசி நிமிடம் வரை ஜாப் ஓட வேண்டும், அடுத்த ஷிஃப்ட் ஆள் வாசலில் நிற்பார், கம்பெனி வேன் கிளம்பிவிடும். இதற்கிடையில் எப்போது துடைப்பது?

எனவே முதல் முடிவு உங்களுடையது. ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் 10 நிமிடம் மெஷின் நிற்க வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்டில் அது சுமார் 2 சதவீதம். இலக்கையும் அந்த அளவுக்குக் குறைத்துப் பலகையில் எழுதிவிடுங்கள். இலக்கைக் குறைக்காமல் சுத்தத்தை மட்டும் கேட்டால், ஆபரேட்டர் இலக்கைத்தான் தேர்ந்தெடுப்பார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். இதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது, முழுப் பட்டறையையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். எந்த மெஷினுக்காக மற்ற வேலைகள் காத்துக் கிடக்கின்றனவோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எதிரே தரையில் இரண்டு பாதம் வரைந்து, அங்கே நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். இனி எல்லாப் படமும் அதே பாதத்தில் நின்றுதான். அந்த மெஷினில் ஒரு ஜாப் இறங்கி அடுத்த ஜாப்பின் முதல் நல்ல பீஸ் வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் தேடுவதற்கு எத்தனை நிமிடம் போகிறது என்பதை மூன்று செட்டிங்குக்காவது குறித்து வையுங்கள். சுத்தமாகத் தெரிகிறது என்பதைவிட இந்த எண்தான் உங்களையும் ஆட்களையும் நம்ப வைக்கும்.

5எஸ் என்பது ஐந்து ஜப்பானியச் சொற்கள்: செய்ரி, செய்டொன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்து நீக்குதல், வேண்டியதற்கு இடம் வைத்தல், துப்புரவு, அதை முறையாக்குதல், பழக்கமாக்குதல். நம் ஊரில் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால்தான் தேவையில்லாத பொருளைத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறோம்.

பிரிப்பதற்குச் சிவப்புச் சீட்டு நல்ல வழி. ஒரு மாதமாகத் தொடாத ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டி ஓர் ஓரத்தில் சேருங்கள். மேலும் 30 நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் அது வெளியேற வேண்டும். சிறு பட்டறையில் இது எங்கே முட்டுகிறது என்பது எனக்குத் தெரியும்: "நாளைக்கு உதவும்" என்று எதையும் போட மாட்டோம். தூக்கிப் போடும் அதிகாரமும் ஆபரேட்டருக்கு இல்லை. எனவே அந்த ஓரத்துக்கு முன்னால் நீங்களே வந்து நின்று முடிவு சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஒரு குறிப்பிட்ட பார்ட்டைப் பிடிப்பதற்கென்றே செய்த சாஃப்ட் ஜாவும் ஃபிக்சரும் எட்டு மாதம் தூங்கிவிட்டு, ஆர்டர் வந்த அன்று தேவைப்படும். அவற்றுக்குச் சீட்டுக் கட்டாதீர்கள். பார்ட் எண்ணைப் பஞ்ச் செய்து, தூசி படாத ரேக்கில், எண் வரிசையில் வையுங்கள். ரிஜெக்ட் பீஸ்களுக்குப் பூட்டுள்ள சிவப்புப் பெட்டி வேண்டும். நல்ல பீஸோடு ஒன்றே ஒன்று கலந்து வாங்குபவரிடம் போய்விட்டால், நீங்கள் போட்ட கோடு எதுவும் காப்பாற்றாது.

இடம் வைக்கும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஆபரேட்டர்கள் எலன் கீயையும் ஸ்பானரையும் லாக்கரில் ஏன் ஒளிக்கிறார்கள்? நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் நானும் ஒளித்தவன்தான். ஆறு மெஷினுக்கு இரண்டு செட் இருந்தது; வெளியே வைத்தால் போய்விடும். இந்தப் பழக்கம் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. மெஷினுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்த பிறகுதான், ஒவ்வொரு கருவியின் உருவமும் வரைந்த நிழல் பலகைக்கு அர்த்தம் உண்டு. பலகையில் எது எங்கே என்பதை அந்த மெஷினின் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில், கனமான சக் இடுப்பு உயரத்தில். கோடுகளை முதலில் சாக்பீஸால் போடுங்கள். இரண்டு வாரம் நடந்து பார்த்து, டிராலி திரும்பவில்லையென்றால் அழித்து மாற்றுங்கள். பெயிண்ட் கடைசியில்தான். நீங்கள் போன வருடம் முதல் நாளே பெயிண்ட் அடித்துவிட்டீர்கள்; பிறகு கோட்டை மீறித்தான் வேலை செய்ய முடிந்திருக்கும், மீறுவதே பழக்கமாகியிருக்கும்.

துப்புரவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துடைக்கிற கைதான் மெஷினின் நோயை முதலில் கண்டுபிடிக்கும். ஒரு பட்டறையில் லேத்துக்கு அடியில் தினமும் மரத்தூள் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்து அள்ளினார்கள். தரை பளிச்சென்று இருந்தது. மரத்தூளை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னேன். மெஷினின் நகரும் பாகமான ஸ்லைடுக்குப் போக வேண்டிய எண்ணெய், உடைந்த ஓர் இணைப்பு வழியாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது தெரிந்தது. எண்ணெய்த் தொட்டி ஒரு வாரமாகக் குறையவே இல்லையென்றால் அதையும் சந்தேகியுங்கள், குழாய் அடைத்திருக்கலாம். கடையும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட் திங்கட்கிழமை காலை நாறுகிறதா? மேலே மிதக்கும் எண்ணெய் காற்றை மறைப்பதால், ஞாயிறு முழுதும் அசையாமல் நின்ற கூலண்டில் பாக்டீரியா பெருகியிருக்கிறது. ஊதுபத்தி ஏற்றிப் பயனில்லை. மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, கூலண்டின் செறிவை, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்.

கடையும்போது உதிரும் உலோகச் சீவலான சிப்ஸை ஏர் கன்னால் ஊதுவதை நிறுத்துங்கள். அது தூளை ஸ்லைடுக்கும் ஸ்பிண்டில் பேரிங்குக்கும் உள்ளே தள்ளும், எதிரே நிற்பவர் கண்ணிலும் படும். பிரஷும் கொக்கியும் போதும். மெஷின் முழுதாக நின்ற பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். சிப்ஸ் எங்கிருந்து தெறிக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தால், பெருக்கும் வேலையே பாதியாகும்.

நான்காவதான முறையாக்குதலுக்குச் சார்ட் தேவையில்லை. சரியாக அடுக்கிய நிலையைப் படம் எடுத்து அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். படத்துக்குத் தமிழ், ஒடியா, இந்தி எதுவும் வேண்டாம். அந்தப் படத்தை ஒடிசா ஆபரேட்டரே எடுக்கட்டும். வெட்டும் முனையான இன்செர்ட் வைக்கும் பெட்டியில் குறைந்த அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தால் ஸ்டோருக்கு ஓட வேண்டியதில்லை. ஷிஃப்ட் மாறும்போது வருபவர் படத்தோடு ஒப்பிட்டு மெஷினை ஏற்க வேண்டும். சரியில்லையென்றால் அப்போதே சொல்லலாம். மறுநாள் புகாராக வளராது.

ஐந்தாவது சொல்லான ஷிட்சுகே, ஜப்பானில் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லி வளர்ப்பதைக் குறிக்கும் சொல். வளர்ப்பவரின் வேலையைச் சொல்லும் சொல் அது. வாரம் ஒரு நாள், உதாரணமாகப் புதன் 11 மணி, அந்த மெஷின் முன்னால் நீங்கள் போய் நில்லுங்கள். வாடிக்கையாளர் வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "ஏன் அழுக்கு?" என்று கேட்க வேண்டாம். "எது கைக்குக் கிடைக்கவில்லை? எது ஒழுகுகிறது?" என்று கேளுங்கள். சொல்வதைப் பலகையில் தேதியோடு எழுதி, மூன்று நாளில் சரிசெய்யுங்கள். முடியாததை ஏன் முடியவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆபரேட்டர் கேட்ட 200 ரூபாய் பிரஷ் ஆறு வாரம் வரவில்லையென்றால், அதன் பிறகு அவர் எதையும் கேட்க மாட்டார், துடைக்கவும் மாட்டார். அபராதம் வேண்டவே வேண்டாம். அபராதம் போட்ட இடத்தில் கசிவை மறைப்பார்கள்.

உதவிக்கு ஆலோசகர் வேண்டுமென்றால், மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்எஸ்எம்இ லீன் திட்டத்தில், அரசின் உத்யம் தளத்தில் பதிவுள்ள நிறுவனங்களுக்கு இடைநிலை, உயர்நிலைப் பயிற்சிக்கான ஆலோசனைக் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. முதல் மெஷின் இரண்டு மாதம் நிலையாக இருந்த பிறகு விண்ணப்பித்தால் ஆலோசகரிடம் கேட்க உங்களிடமே கேள்விகள் இருக்கும்.

ஆறு மாதத்தில் மூன்று மெஷின் முடியும் என்று நினைக்கிறேன். ஆடிட்டர் வரும்போது மற்ற இடங்களை அவசரமாகக் கழுவி வைக்க வேண்டாம். முடித்த மெஷின்களின் பழைய செட்டிங் நேரம், இப்போதைய நேரம், தேதி போட்ட படங்கள், மீதி மெஷின்களுக்கான கால அட்டவணை ஆகியவற்றைக் காட்டுங்கள். விளக்கிச் சொல்வதை ஆபரேட்டரிடமே விட்டுவிடுங்கள்.