நாலு வயது மகளோடு சேர்ந்து விளையாட மென்மையான வீடியோ கேம்கள் எவை?

சுடுவது, வெட்டுவது இருக்கக்கூடாது, பிள்ளை தனியே போனுக்குள் மூழ்கிவிடக்கூடாது, பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கும் சலிக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. நாலு வயதிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து விளையாடி வருகிறோம். வீடு மட்டக்களப்பு கல்லடியில். கையில் இருப்பது சாதாரண அண்ட்ரொய்ட் போன் ஒன்று, பழைய மடிக்கணினி ஒன்று, கனடாவில் இருக்கும் அக்கா வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி ஒன்று. இவற்றில் விளையாடிப் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கேமைத் தெரிவுசெய்யும்போது நான் முதலில் பார்ப்பது, அது எங்களுக்காகக் காத்திருக்குமா என்பதைத்தான். விளையாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டு, மகளின் பக்கம் திரும்பி, "அவர் ஏன் அந்தப் பக்கம் போறார்?" என்று கதைக்கத் தொடங்கினால் அந்த கேம் என்ன செய்கிறது? ஆள் விழுந்து சாகிறதா, நேரம் ஓடி முடிகிறதா, புள்ளி குறைகிறதா? அப்படியென்றால் ஒரு துளி இரத்தம் இல்லாவிட்டாலும் நாலு வயதுக்கு அது வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில், சிரிக்கும் முகங்களோடு, ஓடிக்கொண்டே இருக்கும் கேம்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றை விளையாடும் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும், நாங்கள் ஒரு வார்த்தை பேசினாலே எரிச்சல் வரும். சேர்ந்து விளையாடுவதில் பாதி நேரம் கதைப்பதுதானே. கதைக்க இடம் தராத கேமில் நாங்கள் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வயது எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று போடுவார்கள். உள்ளே வன்முறை, கெட்ட வார்த்தை, பயமுறுத்தல் போன்றவை இருக்கின்றனவா என்பதற்கான எண் அது. பிள்ளைக்கு விளையாட வருமா என்பதை அது சொல்லாது. ஃபிஃபா என்ற பேரில் வந்த உதைபந்தாட்ட கேம்களுக்குக்கூட 3 என்றுதான் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை அதில் பந்தைத் தொடவே மாட்டாது.

சரி, இனி கேம்களுக்கு வருகிறேன்.

நாலு வயதுக்கு நான் முதலில் சொல்வது டவுன்ஸ்கேப்பர். ஸ்வீடனைச் சேர்ந்த ஒஸ்கார் ஸ்டால்பெர்க் செய்து 2021இல் வெளிவந்தது, போனிலும் இருக்கிறது. கேம் என்று சொல்வதற்கு அதில் எதுவுமே இல்லை. இலக்கு இல்லை, புள்ளி இல்லை, தோல்வி இல்லை. திறந்தால் வெறும் கடல். ஒரு இடத்தில் தொட்டால் "ப்ளொப்" என்ற சத்தத்தோடு ஒரு கல் மேடை எழும்பும். அதே இடத்தில் மறுபடி தொட்டால் வீடு வரும். இன்னொன்று தொட்டால் மாடி. பக்கத்தில் தொட்டால் இரண்டும் ஒட்டி ஒரே கட்டடமாகிவிடும், கதவும் ஜன்னலும் தாமாக இடம் மாறிக்கொள்ளும். நாலு பக்கமும் வீடு கட்டி நடுவில் வெற்றிடம் விட்டால் அது புல்தரையாக மாறும். இதை மகள் தானாகவே கண்டுபிடித்தாள். அன்று முழுக்க வீட்டில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினாள்.

எங்களுக்கு அது இன்னும் நெருக்கமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவில் வீடு என்பது மட்டக்களப்புப் பிள்ளைக்குப் புதினமில்லை. டவுன் இருக்கும் புளியந்தீவைச் சுற்றி வாவி இருக்கிறது, கோட்டை இருக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறித்தான் டவுனுக்குப் போகவேண்டும். எனவே நாங்கள் ஒரு பெரிய தீவு கட்டினோம், இந்தக் கரையில் சின்னதாய் எங்கள் வீடு, நடுவில் பாலம். அந்தக் கேமில் பாலத்துக்கென்று தனிப் பொத்தான் கிடையாது. முதலில் தண்ணீரிலிருந்து இரண்டு அடுக்காகக் கட்டி, பிறகு கீழ் அடுக்கை ஒவ்வொன்றாய் எடுக்கவேண்டும். மேலே இருப்பது விழாமல் கால் ஊன்றி நிற்கும். கீழ் அடுக்கை எடுத்த நேரத்தில் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விழவில்லை என்று கண்டதும், "அப்பா, மறுகா? மற்றதையும் எடுங்க!" அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டும்போதெல்லாம் தலையை நீட்டித் தூண்களைத்தான் பார்க்கிறாள்.

போனில் அடுத்து ஆல்டோஸ் அட்வென்சர், அதன் பிறகு வந்த ஆல்டோஸ் ஒடிசி. முன்னது 2015, பின்னது 2018. முதலாவதில் பனிமலையில் சறுக்கிக்கொண்டு போவது, இரண்டாவதில் பாலைவன மணலில். காத்திருக்கும் கேம் வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இதில் சென் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் புள்ளியும் இல்லை, நாணயமும் இல்லை, விழுந்தால் எழும்பித் திரும்பவும் போகலாம். திரையைத் தொட்டால் குதிப்பது, அழுத்திப் பிடித்தால் காற்றில் கரணம் அடிப்பது, அவ்வளவுதான். ஒரு விரல் போதும் என்பதால் போனை நான் பிடித்துக்கொள்வேன், மகள் தொடுவாள். போகப் போகப் பொழுது விடியும், இருட்டும், மழை வரும். பனியையே காணாத பிள்ளை, "இது ஐஸ்கிரீமா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வியிலேயே அன்றைய இரவுச் சாப்பாடு முடியும்வரை கதைக்க விஷயம் கிடைத்துவிடும். அண்ட்ரொய்டில் இலவசம், ஆனால் விளம்பரம் வரும்.

மொனியுமென்ட் வெலி முதல் இரண்டு பாகங்களையும் ஐந்து வயதுக்கு மேல் தொடங்குங்கள். 2014, 2017இல் வந்தவை. கோபுரங்களையும் படிகளையும் திருப்பித் திருப்பி, சேரவே முடியாத இரண்டு பாதைகளைக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்படி செய்தால் ஆள் நடந்துபோய்விடும். சாவு இல்லை, அவசரமும் இல்லை. காகம் போன்ற உருவங்கள் வழியில் நின்று கத்தும், வேறு ஒன்றும் செய்யாது. இரண்டாம் பாகத்தில் ஒரு அம்மாவும் மகளும் வருகிறார்கள், அம்மா போகும் வழியில் பின்னாலேயே மகளும் போவாள். ஓரிடத்தில் அம்மா மகளைத் தனியே அனுப்பிவைப்பாள். முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளை கட்டாயம் கேட்கும். என் மகள் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தனியப் போறா? அவவுக்குப் பயம் இல்லையா?" என்றாள். பிறகு இருவரும் சந்திப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்ந்தோம். முடிவை முதலே சொல்லிவிடுவது இந்த வயதுக்குத் தப்பே இல்லை. பெரியவர்களுக்குத்தான் திடீர்த் திருப்பம் வேண்டும், பிள்ளைக்கு வேண்டியது நிம்மதி.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் பற்றிப் பலர் கேட்பார்கள். அதை அப்படியே கொடுத்தால் இரவில் பிசாசுகள் வந்து அடிக்கும், சின்னப் பிள்ளை பயந்துவிடும். உலகத்தை உருவாக்கும்போதே கிரியேட்டிவ் (கட்டுவது மட்டும்) என்றும் பீஸ்ஃபுல் (பிசாசுகள் வராது) என்றும் தெரிவுசெய்யுங்கள். முன்பின் தெரியாத ஆட்கள் இணையத்தில் சேர்ந்து விளையாடும் சேர்வர்களுக்குள் போகவிடாதீர்கள். நல்ல கேம்தான், ஆனால் இரண்டு விரல்களால் நடந்துகொண்டே பார்க்கும் திசையையும் மாற்றுவது ஆறு வயதுக்கு முன் வராது என்பது என் எண்ணம்.

மடிக்கணினி இருந்தால் பொட்டானிகுலா. செக் நாட்டு அமானிட்டா டிசைன் 2012இல் வெளியிட்டது. ஒரு மரத்தில் வாழும் ஐந்து சின்ன உயிர்கள், மரத்தின் கடைசி விதையைக் காப்பாற்றப் புறப்படுகின்றன. முழுக் கேமிலும் வசனம் கிடையாது. ஆங்கிலம் வாசிக்கத் தேவையில்லை என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய விஷயம். கதையைத் தமிழில் பிள்ளையே சொல்லும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொல்லும். பல சத்தங்கள் மனிதர் வாயால் எழுப்பியவை. அதனால் பிள்ளையும் அதே மாதிரிச் சத்தம் போடத் தொடங்கும், வீடு கொஞ்சம் கலகலப்பாகிவிடும். மரத்தை உறிஞ்சும் கறுத்த சிலந்தி போன்றவை வரும் இடங்கள் மட்டும் சில பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கலாம். முதல் தடவை பகலில் விளையாடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எ ஷோர்ட் ஹைக். கனடாவில் அடம் ராபின்சன்-யூ 2019இல் செய்தது. கிளேர் என்ற பறவைப் பிள்ளை ஒரு முக்கியமான போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள், ஆனால் அந்தத் தீவில் சிக்னல் இல்லை. மலை உச்சிக்கு ஏறினால் கிடைக்கும் என்கிறார்கள். சிக்னல் தேடி மேலே ஏறுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. வழியில் தங்க இறகுகளைச் சேர்க்கச் சேர்க்க இன்னும் உயரம் ஏறலாம். எங்கிருந்து விழுந்தாலும் அடிபடாது, சிறகை விரித்து மிதந்து இறங்கலாம். மலைக்கே போகாமல் கடற்கரையில் மீன் பிடித்துக்கொண்டு இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் அவற்றை எங்கள் ஊர்ப் பேச்சில் வாசிப்பேன், ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒவ்வொரு குரல் வைத்து. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: கடைசியில் வரும் அழைப்பு அம்மாவுடையது. அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்து சுகமாக இருக்கிறார் என்று தெரியவரும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமென்றால் யோசித்துச் செய்யுங்கள்.

ஸ்விட்ச் இருப்பவர்களுக்கு அனிமல் குரோசிங் நியூ ஹொரைசன்ஸ். 2020 மார்ச்சில் வந்தது, ஒரு தீவில் மிருக அயலவர்களோடு குடியிருக்கும் கேம். அதில் உள்ள கடிகாரம் எங்கள் கடிகாரத்தோடு ஓடும். இங்கே பின்னேரம் என்றால் அங்கேயும் பின்னேரம், இரவானால் கடை பூட்டிவிடும். "கடை பூட்டிட்டாங்க, நாளைக்கு வருவம்" என்று கேமை மூட அது ஒரு நல்ல சாட்டு. மீன் பிடிப்பதுதான் எங்கள் வேலை. தண்ணீரில் நிழல் தெரியும். தூண்டிலைப் போட்டால் மீன் வந்து மிதவையைக் கொத்திக் கொத்திப் போகும். கொத்தும்போது இழுத்தால் தப்பிவிடும், மிதவை முழுதாய் அமிழும்போதுதான் இழுக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேள் என்று சொல்லிக் கொடுத்தேன். மகள் கண்ணை இறுக்கி மூடி, பொத்தானில் விரலை வைத்து, அசையாமல் இருப்பாள். அடிக்கடி மாட்டும் ஒரு மீனுக்கு நாங்கள் கொடுவா என்று பேர் வைத்துவிட்டோம். மரத்தை உலுப்பினால் சில நேரம் குளவிக்கூடு விழுந்து குளவி துரத்தும், அதைக் கண்டால் என் மகள் கொன்ட்ரோலரை என்னிடம் தந்துவிடுவாள். அதே ஸ்விட்சில் சூப்பர் மாரியோ ஒடிசியை இரண்டு பேராக விளையாடலாம். மாரியோவை நீங்கள் ஓட்டுங்கள், அவரோடு வரும் தொப்பியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தொப்பிக்கு அடி விழாது, பிள்ளை பயமில்லாமல் பறந்து திரியும்.

இலவசமாகக் கிடைக்கும் "குழந்தைகள் கேம்" விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். பத்துத் தடவை தொட்டால் ஒரு விளம்பரம், அந்த விளம்பரத்தில் வேறொரு கேம், மூடும் பெருக்கல் குறி எங்கேயோ ஒரு மூலையில். சின்ன விரலுக்கு அது எட்டாது. பெரியவர்களுக்கென்று செய்து ஒருமுறை காசு வாங்கிக்கொள்ளும் கேம்கள் அவற்றைவிடப் பிள்ளைக்கு எவ்வளவோ மென்மையானவை. டவுன்ஸ்கேப்பரும் மொனியுமென்ட் வெலியும் ஒருமுறை வாங்கி இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும். வேறு எதையாவது இறக்கினாலும் பிள்ளையிடம் கொடுக்கும் முன் ஃப்ளைட் மோட் போட்டுவிடுங்கள். அண்ட்ரொய்ட் செட்டிங்ஸில் அப் பின்னிங் என்று இருக்கிறது, ஐபோனில் கைடட் அக்செஸ். அதைப் போட்டால் பிள்ளை அந்தக் கேமை விட்டு எளிதில் வெளியே போகமுடியாது. பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கட்டாயம் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். டிவியும் அதற்குள் அடக்கம். எங்கள் வீட்டில் பாலர் பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழும்பிய பிறகுதான் கேம், அதுவும் எல்லா நாளும் இல்லை. வெயில் தாழ்ந்தால் வெளியே போய்விடுவோம். நிறுத்தும்போது கையிலிருந்து பறிக்காதீர்கள். "இன்னும் ஒரு வீடு கட்டிட்டு வைப்பம் மகள், எந்த நிறம்?" என்று கடைசி வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். அழுகை பெரும்பாலும் வராது.

கடைசியாக, யார் என்ன செய்வது என்பது. பொத்தானை அழுத்தக் கஷ்டப்படுகிறது என்று எல்லாவற்றையும் நாங்கள் செய்துகொடுத்தால் பிள்ளை வெறும் பார்வையாளர். எந்தப் பக்கம் போவது, யாரோடு பேசுவது, எந்த நிறம் என்பதெல்லாம் பிள்ளையின் முடிவாக இருக்கட்டும், கடினமான குதிப்பு மட்டும் எங்களுடையது. பிள்ளை பிழையான பக்கம் போகச் சொன்னாலும் போய்த்தான் பார்க்கவேண்டும். உங்கள் மகளுக்கு நாலு என்றால் டவுன்ஸ்கேப்பரில் தொடங்குங்கள், ஒரு மாதம் அதுவே போதும். அதற்குப் பிறகு எது என்று அவளைக் கேட்டால், படத்தைப் பார்த்து அவளே சொல்வாள்.