பறித்தவர் எழுதிய சாட்சியம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற மாபோ வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லித்தான் ஆங்கிலேயர்கள் அந்தக் கண்டத்தை எடுத்துக்கொண்டார்கள், சரி. அது தவறு என்று சொன்னதும் அவர்கள் கொண்டுவந்த நீதிமன்றம்தானே? தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் குணம் அந்தச் சட்டத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1889-இல், பேரரசின் காலனிகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நிலையான குடிகளும் சட்டமும் இல்லாமல் கிடந்த பூமி என்று எழுதியது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தக் கதையை ஒதுக்கித் தள்ளியது. சின்ன விஷயமில்லை. வழக்குப் போட்ட எடி மாபோ ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தவர். ஆஸ்திரேலியாவின் வடக்கே டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவில் தன் குடும்பம் தலைமுறையாகப் பயிரிட்ட நிலம் சட்டப்படி அரசுடையது என்பதே அந்தப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பத்து வருடம் வழக்காடினார். தீர்ப்பு வந்த ஆண்டு ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன் கதவைத் திறந்த கையோடு பூட்டும் போட்டார். அரசின் இறையாண்மையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. அப்புறம், பழைய வழக்கங்களை வரலாற்றின் அலை அடித்துப் போயிருந்தால் உரிமையும் போயிற்று. யார் அடித்துப்போனது என்று அலையைக் கேட்பதில்லை!

இதில் மாட்டிக்கொண்டவர்கள் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள். 1840-களில் எட்வர்ட் கர் என்பவர் அவர்கள் மண்ணில் ஆட்டுமந்தையோடு வந்து வளைத்துப்போட்டார். முதுமையில் அந்த நாட்களை ரசித்து ஒரு புத்தகமும் எழுதினார். 1881-இல் மலோகா என்ற கிறிஸ்தவ மிஷனில் இருந்த அம்மக்கள் 42 பேர் கவர்னருக்கு மனுப் போட்டார்கள்: எங்கள் எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் அரசும் வெள்ளையர்களும் எடுத்துக்கொண்டார்கள், வேட்டைக்காட்டில் ஆடு மேய்கிறது, பயிர் செய்து பிழைக்கக் கொஞ்சம் நிலம் கொடுங்கள்.

மாபோ தீர்ப்புக்குப் பிறகு அவர்களும் தங்கள் மண்ணுக்கு உரிமை கேட்டு வழக்காடினார்கள். 1998-இல் அதை விசாரித்த நீதிபதி ஓல்னி அந்த மனுவைக் கையிலெடுத்தார். எதற்கென்று நினைக்கிறீர்கள்? இவர்கள் அப்போதே பழைய வாழ்க்கையை விட்டுவிட்டார்கள் என்பதற்கு ஆதாரமாக. நிலம் போய்விட்டது என்று அழுத காகிதமே நிலத்தின் மேல் உரிமை இல்லை என்பதற்குச் சாட்சி ஆனது.

இன்னொன்றும் நடந்தது. தேவைக்கு மேல் மீன் பிடிப்பதில்லை, இது எங்கள் வழக்கம் என்று அந்த மக்கள் சாட்சி சொன்னார்கள். கர் தன் புத்தகத்தில், வலையில் வந்த பெரிய மீனை எடுத்துக்கொண்டு சிறுமீனைத் தண்ணீருக்கு ஒரு கெஜ தூரத்தில் சாக விட்டார்கள் என்று எழுதியிருந்தார். நீதிபதி கர் சொன்னதையே நம்பினார். சிதறிப்போகாத சமூகத்தை அவராவது கண்ணால் பார்த்தாராம். பார்த்தார்தான். எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதுதானே கேள்வி.

2002 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் ஐந்துக்கு இரண்டு என்று அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நீங்கள் சொல்லும் திருத்தம் மெர் தீவில் ஏன் பலித்தது? அந்தத் தீவுக்கூட்டத்தில் ஒரு மிஷன், ஒரு மத்தி மீன் தொழிற்சாலைக்கான குத்தகை, இவ்வளவுதான் வெளியார் பிடித்த இடம். மக்கள் தங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள், எந்த வேலி யாருடையது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மர்ரே கரைக்காரர்களைத் துரத்திவிட்டு, 150 வருடம் கழித்து, விட்டுப் போகாமல் இருந்தோம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

அன்புடன்.