பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: கேட்டவர்களும் பதில்களும்

பதில் சொல்பவர் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். படித்தது பி.காம். லினக்ஸை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டார். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ்; மின்ட், உபுண்டு, ஃபெடோரா என அதில் பல வகைகள் உண்டு.

சார், 2015இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசஸரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அதனால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். எந்த லினக்ஸ் போட்டாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும். அப்புறம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, டச்பேட் நகர்கிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் குடும்பப் படங்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். நிறுவும்போது 'முழு டிஸ்க்கையும் அழி' என்று ஒரு தேர்வு வரும். அது சொன்னதைச் சொன்னபடி செய்துவிடும்.

இன்னொன்று: 4 ஜிபியைத் தின்பது பிரவுசர்தான். முப்பது டேப் திறந்து வைத்தால் லினக்ஸாலும் காப்பாற்ற முடியாது.

உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா? எது பெஸ்ட், அண்ணா?

பக்கத்தில் இருக்கும் நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அது. சிக்கல் வந்தால் கேட்க ஆள் வேண்டும் அல்லவா! வாரம் ஒன்று மாற்றிப் பார்த்தால் வால்பேப்பர்தான் மாறும், தம்பி.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்க முடியுமா?

தாராளமாக. 'ஐபஸ் எம்17என்' என்ற மென்பொருள் பொதியை நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். உள்ளீட்டு முறைப் பட்டியலில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99 இருக்கும். பலர் நிறுவிய கையோடு தேடிவிட்டு 'காணவில்லை' என்கிறார்கள். லாக் அவுட் செய்யாததுதான் காரணம்.

'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். பழகிவிட்டால் ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறைக்குத் திரும்ப மனம் வராது.

எங்கள் ஆபீஸில் டேலி, ஜிஎஸ்டி எல்லாம் விண்டோஸில். முழுதாக லினக்ஸுக்கு மாறலாமா?

கூடாது. நானே கடையில் விண்டோஸில்தான் டேலி ஓட்டுகிறேன். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அது மக்கர் செய்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ், கணக்கு கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இதில் கொள்கை பேச நான் வரவில்லை.

நிறுவிவிட்டேன், வைஃபை மட்டும் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி, போன் அமைப்பில், போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமலே இணையம் வந்துவிடும். பிறகு மின்ட்டிலும் உபுண்டுவிலும் உள்ள டிரைவர் மேலாளரைத் திறந்தால், உங்கள் சிப்புக்குத் தனி டிரைவர் இருந்தால் அதுவே காட்டும்.

லினக்ஸை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதைச் செய்பவர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள்?

நிறுவனங்களுக்கு ஆதரவு, பராமரிப்பு விற்று. அப்படி வளர்ந்த ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? லினக்ஸிலிருந்து என்ன வித்தியாசம்?

வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஃபைல் சர்வராக ஓடுகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னல் மட்டும்தான். அதைச் சுற்றி மற்றவற்றைச் சேர்த்துத் தருவது டெபியன், ஃபெடோரா போன்றவர்கள். 1993இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்தில், ஒரே குழுவிடமிருந்து வருகின்றன. அதனால் அவர்களது கையேடும் ஒரே கையால் எழுதியது போல இருக்கும். நான் நெட்வொர்க் படித்ததே அதில்தான். ஆனால் லேப்டாப்பில் போடப் போகிறீர்கள் என்றால் வைஃபை சிப் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கம்ப்யூட்டர் படிக்காதவர் இதையெல்லாம் எங்கே ஆரம்பிப்பது?

2011 வரை உபுண்டு சிடியைக் கேட்டால் தபாலில் இலவசமாகவே அனுப்புவார்கள். எனக்கும் பலருக்கும் வாசல் அதுதான். அப்புறம் தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு, டெபியன் லினக்ஸை வைத்து உருவாக்கியது அது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

இன்று ஆரம்பிப்பவர், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் வரும் பிழைச் செய்தியை முழுதாக வாசிக்கப் பழக வேண்டும். 'அனுமதி இல்லை' என்று சொன்னால் அனுமதிதான் பிரச்சினை. 'இடம் இல்லை' என்றால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது. பலரும் அதை வாசிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.

இணையத்தில் சொல்லும் கட்டளையை அப்படியே ஒட்டலாமா?

நிர்வாகி உரிமையோடு ஓடும் 'சுடோ' என்று தொடங்கினால், ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று 'மேன்' என்ற கையேட்டுப் பக்கத்தில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். புரியாவிட்டால் எண்டர் தட்டாதீர்கள், இங்கே கேளுங்கள்.