இங்கிலாந்துக்குப் போகிறீர்களா? முதல் வாரமே ஜி.பி.யிடம் பதியுங்கள்

கேள்வி: லெஸ்டர் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கும் கணவருக்கும் விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டோம். அவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அங்கே வைத்தியம் முழுக்க இலவசமா? அம்மா மூன்று மாதம் வந்து தங்கினால் அவருக்கும் பொருந்துமா?

பதில்: தலைக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டியிருப்பீர்கள். அதனால் அங்கே குடியிருப்பவர்களைப் போலவே என்.எச்.எஸ். எனும் அரசு சுகாதார சேவையின் மருத்துவமனைகளில் உங்களுக்கும் இலவச சிகிச்சை உண்டு. பல், கண்ணாடிச் செலவு தனி.

ஆனால் நம் ஊர் மாதிரி நேரே சிறப்பு மருத்துவரிடம் போக முடியாது. எல்லாம் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவர் வழியாகத்தான். அதனால் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல், போய் இறங்கிய வாரமே வீட்டுக்கு அருகிலுள்ள ஜி.பி.யிடம் பதிந்துவிடுங்கள். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக அவர்கள் மறுக்கக் கூடாது. வரவேற்பில் கேட்டால் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நோயை விளக்கத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. ரத்த அழுத்தம், கொழுப்பு என்று அவர் வாங்கும் மற்ற மருந்துகளும் இந்த விலக்கில் அடங்கும். ஆனால் தானாகக் கிடைக்காது: ஜி.பி.யிடம் எஃப்.பி.92.ஏ படிவம் கேட்டு, விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் வருமுன் கடையில் 'எனக்கு இலவசம்' என்று குறித்துவிட்டால் அபராதம் வரலாம். இங்கிருந்து கிளம்பும்போது கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) அறிக்கையையும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. 'மெட்ஃபார்மின் 500' என்றால் புரியும்.

அம்மாவுக்கு நீங்கள் கட்டிய பணம் பொருந்தாது. வருகை விசாவில் வருபவர் ஜி.பி.யைப் பார்ப்பதும், அவசரப் பிரிவில் பெறும் சிகிச்சையும் இலவசம்தான். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வழக்கமான செலவில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவே சிக்கலாகும். எனவே அவருக்கு இருக்கும் நோய்களை ஒளிக்காமல் சொல்லி, அவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

அப்புறம், நெஞ்சுவலி போன்ற உயிராபத்துக்கு 999. ராத்திரி என்ன செய்வதென்று தெரியாத மற்ற உபாதைகளுக்கு 111. இரண்டையும் அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.