ரிசர்ச் ஆபீஸ் வேலை குமாஸ்தா வேலையா?

கேள்வி: பெங்களூரில் அல்சூரில் இருக்கிறோம். மகள் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்து, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரிசர்ச் ஆபீஸில் ஒப்பந்த வேலையில் ஓராண்டாக இருக்கிறாள். லேபில் இல்லை, நாள் முழுக்க ஃபைலும் எக்செல்லும்தான். "இவ்வளவு படித்துவிட்டுக் குமாஸ்தா வேலையா?" என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இப்போது வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறாள். கட்டலாமா, இல்லை பிஎச்.டி.க்கே போகச் சொல்லலாமா?

பதில்: பணத்தை இப்போது கட்ட வேண்டாம். வேலையை விடச் சொல்லவும் வேண்டாம். ஒரு திட்டத்தின் கோப்பை விண்ணப்பத்திலிருந்து கடைசி ஆடிட் வரை தனியாகக் கொண்டுபோய் முடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. சான்றிதழில் அது வராது. ஆபீஸ் மேசையில் வரும், அதுவும் கேட்டு வாங்கினால்தான்.

குமாஸ்தா என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். விஞ்ஞானி பணம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும், பட்ஜெட் போட வேண்டும். கிடைத்த பணத்தை அரசு விதிப்படி செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். நடுவில் நெறிமுறைக் குழு அனுமதி, கூட்டு ஆய்வு ஒப்பந்தம், காப்புரிமை எல்லாம் வரும். இத்தனையையும் விஞ்ஞானியே பார்த்தால் ஆராய்ச்சி நின்றுவிடும். அறிவியல் தெரியாத ஆளிடம் விட்டால் கணக்கு சிக்கிக்கொள்ளும். எது கருவி, எது ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) என்று பார்த்தவுடன் தெரிந்தவர்தான் செலவைச் சரியான ஹெட்டில், அதாவது செலவுத் தலைப்பில் போடுவார். உங்கள் மகளின் எம்.எஸ்ஸி. அங்கே உதவுகிறது.

இந்த வேலைக்கு நாட்டிலேயே வாய்ப்பு அதிகமுள்ள ஊர்களில் பெங்களூரும் ஒன்று. மல்லேஸ்வரம் தாண்டினால் ஐஐஎஸ்சி, பெல்லாரி ரோட்டில் ஜிகேவிகே வளாகத்தில் என்சிபிஎஸ், இன்ஸ்டெம், சி-கேம்ப், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மையம், ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்று ஆராய்ச்சி நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களும் இப்போது ரிசர்ச் ஆபீஸ் வைக்கத் தொடங்கிவிட்டன. ஆராய்ச்சிக்கு நிதி தரும் டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸ் 2018-ல் ஆராய்ச்சி மேலாண்மைக்கென்றே 'இர்மி' என்ற முயற்சியைத் தொடங்கியது. துறை இளையது என்பதால் பதவிப் பெயர்தான் இடத்துக்கு இடம் மாறும்: ஓரிடத்தில் கிராண்ட்ஸ் மேனேஜர், இன்னோரிடத்தில் புராஜெக்ட் எக்சிக்யூட்டிவ், மற்றோரிடத்தில் வெறும் 'அட்மின் அசிஸ்டென்ட்'. சொந்தக்காரர்கள் கேட்பது அந்தக் கடைசிப் பெயரை வைத்துத்தான்.

வேலையில் இரண்டு பாதி உண்டு: பணம் வருவதற்கு முன், வந்ததற்குப் பின். ஒரு பாதியிலேயே மாட்டிக்கொள்பவர்கள்தான் மூன்று ஆண்டு கழித்தும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். மகள் எந்தப் பாதியில் இருக்கிறாள் என்று கேளுங்கள். பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் யூசி என்ற சான்றை மட்டும் அடித்துக் கொடுக்கிறாள் என்றால், அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு விண்ணப்பங்களுக்காவது பட்ஜெட் போட வாய்ப்புக் கேட்க வேண்டும்.

பட்ஜெட் எளிதாகத் தெரியும். சறுக்குவதும் அங்கேதான். மூன்றாண்டுத் திட்டத்துக்கு ஒரு ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) என்று வைப்போம். 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) ஆனால் 42,000. கூட்டினால் 13,92,000. புதிதாக வருபவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். விடுதி அறை தராவிட்டால் வீட்டு வாடகைப்படி உண்டு. வாடகைப்படிக்கு அரசு வகுத்த பிரிவில் பெங்களூர் எக்ஸ் வகை நகரம் என்பதால் 30 சதவீதம். அது மட்டும் 4,17,600. மொத்தம் 18,09,600. இந்த நான்கு லட்சத்தை விட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் ஃபெலோவின் சம்பளத்துக்கே பணம் இருக்காது. மனிதவள ஹெட்டுக்கு மற்ற ஹெட்டிலிருந்து மாற்றக் கூடுதல் அனுமதி கேட்டு எழுதியாக வேண்டும். அது வரும்வரை அந்தப் பிள்ளையின் சம்பளம் நிற்கும்.

இன்னொன்று ஜிஎஸ்டி. ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கருவிகள் மேல் இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது; இப்போது பெரும்பாலான கருவிகளுக்கு 18. பழைய பட்ஜெட்டைக் காப்பி அடித்தால் பழைய விகிதமும் கூடவே வந்துவிடும். 40 லட்ச ரூபாய்க் கருவிக்கு 42 லட்சம் கேட்டுவிட்டு, பில் 47 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வந்தால் மீதி 5,20,000-க்கு யாரிடம் கையேந்துவது? கொட்டேஷன் வாங்கும்போதே வரி, சரக்குக் கட்டணம், இன்ஸ்டலேஷன், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாகக் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும்.

பணம் வந்தபின் முதலில் படிக்க வேண்டியது சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி ஒப்புதல் ஆணை. எல்லோரும் தொகையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பின் பக்க நிபந்தனைகள். திட்டம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்த ஹெட்டிலிருந்து எதற்கு மாற்றலாம், யார் அனுமதியோடு, ஓவர்ஹெட் (நிறுவனத்தின் பொதுச் செலவுக்கான பங்கு) எந்தத் தொகைமேல் கணக்கிடப்படுகிறது, வட்டி யாருக்கு, அறிக்கை எப்போது. இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பிஐ-க்கும் (திட்டத்தை நடத்தும் விஞ்ஞானி) அக்கவுண்ட்ஸுக்கும் முதல் வாரத்திலேயே அனுப்பும் ஆள், ஆபீஸில் தவிர்க்க முடியாத ஆளாகிவிடுவார்.

அடுத்தது யூசி, அதாவது செலவினப் பயன்பாட்டுச் சான்று. பொது நிதி விதிகள் 2017-ல் இதற்குப் படிவம் 12-ஏ. முந்தைய மீதி, பெற்ற தொகை, வட்டி, செலவு, கடைசி மீதி என்று கட்டங்கள் இருக்கும். பார்க்கச் சின்னப் படிவம். திரும்பி வரும் யூசிகளில் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு திட்டத்தில் 20 லட்சம் வந்தது, வங்கியில் 31,000 வட்டி சேர்ந்தது, உண்மையில் கொடுத்த பணம் 15,60,000. மார்ச்சில் 3 லட்சத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று, பில் இன்னும் வரவில்லை. அவசரத்தில் அந்த 3 லட்சத்தையும் செலவில் சேர்த்து 18,60,000 என்று எழுதுவார்கள். செலவு அறிக்கையில் ஒரு எண், யூசியில் ஒரு எண் என்று ஆகிவிடும். ஆர்டர் போட்டது செலவல்ல. அதைத் தனியே, பொறுப்பேற்ற தொகை என்று காட்ட வேண்டும். மீதி 4,40,000, வட்டி 31,000 தனி. வட்டியை அரசுக்குப் பணம் கட்டும் இணையதளமான பாரத்கோஷில் கட்டிய ரசீதையும் சேர்க்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்தத் தாமதத்துக்குப் பிஐ கோபிப்பது யூசி அடித்தவரைத்தான்.

பல மத்தியத் திட்டங்களில் இப்போது பணம் நிறுவனத்தின் வங்கிக்கு வருவதே இல்லை. கருவூல ஒற்றைக் கணக்கில் செலவு வரம்பு மட்டும் கிடைக்கும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாதது காலாவதி. எனவே 14 வாரம் டெலிவரி எடுக்கும் இறக்குமதிக் கருவிக்கு ஜனவரியில் கோப்பு நகர்த்தினால் பிரயோஜனமில்லை. நவம்பருக்குள் ஆர்டர் போக வேண்டும், அதற்கு ஆகஸ்டில் ஸ்பெசிஃபிகேஷன் தயாராக வேண்டும். தீபாவளிக்கு முன்னேயே மார்ச் மாதத்தை யோசிப்பவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்.

கொள்முதல் விதியும் அவள் விரல் நுனியில் இருக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் வரம்புகள் உயர்ந்தன: கொட்டேஷன் இல்லாமல் 2 லட்சம் வரை, கொள்முதல் குழு மூலம் 25 லட்சம் வரை. வரம்புக்குள் வர வேண்டும் என்று ஒரே பொருளை இரண்டு பில்லாகப் பிரிப்பது ஆடிட்டர் முதலில் தேடும் தப்பு. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் கதை வேறு: அங்கே கர்நாடகாவின் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1999. கோப்புகளும் கன்னடத்தில் ஓடும். அல்சூரில் வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடம் பேச வரும். படிக்க, குறிப்பு எழுத வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் எந்தக் கோர்ஸுக்கும் முன்னால் அதைக் கற்றுக்கொள்ளட்டும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கியதை இன்னொரு அமைப்புக்குப் பகிரவும் கூடாது. கடைசி விதியைத்தான் விஞ்ஞானிகள் மறப்பார்கள். கூட்டாளி நிறுவனத்துக்குப் பங்கு தருவதாக விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவார்கள். சட்டத்தால் அமைந்து சிஏஜி (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு, டிரஸ்ட் நடத்துவதற்கு இல்லை. தன் நிறுவனம் எந்த வகை என்பது முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுமதிகளைப் பொறுத்தவரை ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்: மனிதர் என்றால் நெறிமுறைக் குழு, வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வு என்றால் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரிலுள்ள சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழு, உயிரினங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால் சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம்.

இனி படிப்பு. அவள் கேட்கும் வெளிநாட்டுச் சான்றிதழ் சிஆர்ஏ (ஆராய்ச்சி நிர்வாகிகளுக்கான சான்று) என்றால், அது அமெரிக்க மத்திய அரசின் மானிய விதிகளை அடிப்படையாகக் கொண்டது. பட்டத்துக்குமேல் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். ஓராண்டு முடித்தவள் கட்டும் பணம் வீண். அமெரிக்க நிதி அதிகம் வாங்கும் நிறுவனத்தில் ஐந்தாம் ஆண்டில் இருந்தால் வேறு பேச்சு. இப்போது செய்ய வேண்டியது: பொது நிதி விதிகள் புத்தகத்தில் கொள்முதல், மானியம் இரண்டு அத்தியாயங்களையும் வரி வரியாகப் படிப்பது; மத்திய அரசின் அலுவலகப் பயிற்சி நிறுவனமான டெல்லி ஐஎஸ்டிஎம்மிலோ ஃபரீதாபாத் நிதி மேலாண்மை நிறுவனத்திலோ குறுகிய பயிற்சிக்கு நிறுவனமே அனுப்புமா என்று எழுத்தில் கேட்பது. நிறுவனம் அனுப்ப வேண்டிய பயிற்சிக்கு வீட்டுப் பணத்தைக் கட்டாதீர்கள்.

காப்புரிமைப் பக்கம் ஆர்வம் இருந்தால் மட்டும் சொந்தச் செலவு நியாயம். அறிவியல் பட்டதாரி என்பதால் பேடன்ட் ஏஜென்ட் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் கையாள்பவர்) தேர்வு எழுத அவளுக்குத் தகுதி உண்டு: இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்முகம், எழுத்துத் தாள்கள் ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 60 சதவீதம். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை என்பதால் அறிவிப்பு வந்தபின் படிக்கத் தொடங்கினால் நேரம் பற்றாது. நாகர்பாவியிலுள்ள நேஷனல் லா ஸ்கூல் அறிவுசார் சொத்துரிமையில் தொலைநிலை டிப்ளமோவும் நடத்துகிறது.

பிஎச்.டி.? ஒரு கேள்வியோடு ஐந்து ஆண்டு உட்கார ஆசை இருந்தால் போகட்டும். ரிசர்ச் ஆபீஸில் உயரவேண்டும் என்பதற்காக மட்டும் போக வேண்டாம். சில இடங்களில் தலைமைப் பதவிக்கு அதைக் கேட்கிறார்கள் என்பது உண்மைதான், அது பத்தாண்டு தள்ளி வரும் கேள்வி.

உங்கள் பயத்தில் நியாயமானது ஒப்பந்தம்தான். புதுப்பிக்கும் முன் அவள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: தன் சம்பளம் நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்தா, ஓவர்ஹெட்டிலிருந்தா, ஒரே ஒரு திட்டத்திலிருந்தா? கடைசி என்றால் திட்டம் முடியும் தேதிதான் வேலை முடியும் தேதி. அதற்கு ஆறு மாதம் முன்பே வேறு இடம் தேடத் தொடங்க வேண்டும். பிஎஃப் பிடிக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் 'அலுவலகப் பணிகளில் உதவினார்' என்று ஒரு வரியில் அனுபவச் சான்று தருவார்கள். அதை அப்படியே வாங்கிவர வேண்டாம். இத்தனை விண்ணப்பங்களுக்குப் பட்ஜெட் தயாரித்தார், இத்தனை லட்ச ரூபாய்த் திட்டங்களைக் கையாண்டார், இத்தனை யூசிகள் ஆட்சேபமின்றி ஏற்கப்பட்டன என்று எண்ணோடு இருக்கும்படி அவளே வரைவு எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்துப் போடுபவருக்கும் அதுதான் வசதி. அந்த எண்களுக்காக இன்றிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.